மஞ்சப்பை ஏன் வீட்டிலேயே தங்கிவிடுகிறது? எண்ணம் செயலாகும் வழியை அளந்து பார்க்க ஒரு வழிகாட்டி

சுடுகாட்டிலிருந்து திரும்பும்போது ‘இத்தனை ஓட்டமும் எதற்கு’ என்று தோன்றுகிறதே, அதற்கு மயான வைராக்கியம் என்று பெயர். வலியின் உச்சத்தில் ‘இனிப் பிள்ளையே வேண்டாம்’ என்பது பிரசவ வைராக்கியம். கதாகாலட்சேபம் கேட்டுவிட்டு எழுந்திருக்கும்போது வருவது புராண வைராக்கியம். மூன்றுமே பொய்யல்ல. அந்த நேரத்தில் மனதார எடுத்த முடிவுகள்தாம். வீட்டுக்கு வந்து குளித்துச் சாப்பிட்டதும் கரைந்துவிடுகின்றன. நம்மவர்கள் பெயர் வைத்துச் சிரித்துவிட்டு நகர்ந்துவிட்டார்கள். சமூக உளவியலாளர்கள் அதே இடத்தில் உட்கார்ந்துகொண்டு, எந்த எண்ணம் செயலாகிறது, எது கரைகிறது என்று எண்ணிக் கணக்கெடுக்கத் தொடங்கினார்கள்.

அந்தக் கணக்கை நீங்களே போட்டுப் பார்ப்பதற்கான வழிகாட்டி இது. முதுகலை ஆய்வேட்டுக்குத் தலைப்புத் தேடும் மாணவர், ஊரில் ஒரு பழக்கத்தை மாற்ற நினைக்கும் தன்னார்வலர், தன் பழக்கத்தோடு மல்லுக்கட்டிச் சலித்தவர் ஆகியோரை மனத்தில் வைத்து எழுதுகிறேன். முன்பயிற்சி வேண்டாம். ஒரு நோட்டும் ஆறு வாரப் பொறுமையும் போதும்.

எடுத்துக்காட்டுக்கு என் வீட்டுச் சங்கதியையே எடுத்துக்கொள்கிறேன். தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்தை அரசு தொடங்கியது. என் சமையலறைக் கதவுக்குப் பின்னால் கல்யாண வீடுகளில் தாம்பூலம் போட்டுக் கொடுத்த மஞ்சப்பைகள் பதினொன்று தொங்குகின்றன. துணிப்பை நல்லது என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. ஆனாலும் காய்கறிக் கடைக்குப் போய் ஸ்கூட்டரை நிறுத்தி, வெண்டைக்காயை முனை ஒடித்துப் பார்க்கும்போதுதான் பை நினைவுக்கு வருகிறது. “பை இல்லையா சார், கவரில் போட்டுத் தருகிறேன்” என்று கடைக்காரர் கையை நீட்டுகிறார். நானும் வாங்கிக்கொள்கிறேன்.

மாதிரியை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

அமெரிக்க உளவியலாளர்கள் மார்ட்டின் ஃபிஷ்பெய்னும் ஐசெக் அய்செனும் 1975-இல் ஒரு சட்டகத்தை முன்வைத்தார்கள். ஒருவர் ஒரு செயலைச் செய்வாரா என்பதை முன்கூட்டிச் சொல்ல வேண்டுமானால், அவருடைய எண்ணத்தைக் கேளுங்கள். அதைவிட நெருக்கமான முன்னறிவிப்பு வேறில்லை. அந்த எண்ணத்துக்கு இரண்டு ஊற்றுகள். ஒன்று, அந்தச் செயலைப் பற்றி அவருக்குள்ள மனப்பான்மை. மற்றது, தனக்கு வேண்டியவர்கள் என்ன எதிர்பார்க்கிறார்கள் என்று அவர் நினைப்பது. இரண்டாவதை ‘நாலு பேர் என்ன நினைப்பார்கள்’ என்று நாம் சொல்வோம். அந்த நாலு பேர் யார் என்று பெயர் சொல்லி எழுதச் சொல்கிறது இந்தக் கோட்பாடு.

இதில் ஓர் ஓட்டை இருந்தது. ஆசையும் இருக்கிறது, ஊரும் மெச்சுகிறது, ஆனால் செய்ய முடியவில்லை என்றால்? 1985-இல் அய்சென் மூன்றாவது ஊற்றைச் சேர்த்தார்: ‘இது என் கையில் இருக்கிறது’ என்ற உணர்வு. இப்படி விரிந்ததுதான் திட்டமிட்ட நடத்தைக் கோட்பாடு. 1991-இல் அவர் எழுதிய கட்டுரை வழியாகத்தான் பெரும்பாலோர் இதை அறிந்தார்கள். மூன்றாவது ஊற்றுக்கு ஒரு தனிச் சலுகை உண்டு. மற்ற இரண்டும் எண்ணத்தின் வழியாகத்தான் செயலை எட்டும். இது எண்ணத்தையும் ஊட்டும், சுற்றுவழியில்லாமல் செயலையும் நேரே முன்னறிவிக்கும். அய்செனும் மேடனும் 1986-இல் கல்லூரி மாணவர்களிடம் இதைப் பார்த்தார்கள். பாடத்தில் ‘ஏ’ கிரேடு வாங்குவது தங்கள் கையில் எவ்வளவு இருக்கிறது என்று பருவத்தின் தொடக்கத்தில் மாணவர்கள் சொன்னதற்குப் பெரிய மதிப்பில்லை. பருவம் முடியும் தறுவாயில் சொன்னதோ கிரேடை நேராகவே முன்னறிவித்தது. அதற்குள் நிலவரம் அவர்களுக்கே தெரிந்திருந்தது.

படி 1: செயலைக் கூர்மையாக்குங்கள்

புதிதாக வருபவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் வழுக்கி விழும் இடம் இது. ஆகவே இங்கே கொஞ்சம் நின்று போகலாம்.

‘சுற்றுச்சூழலைப் பேணுதல்’ ஒரு செயல் அல்ல. ‘பிளாஸ்டிக்கைத் தவிர்த்தல்’ என்பதும் அல்ல. செயல் என்று ஒன்றை எழுதினால் அதில் நான்கு விவரங்கள் இருக்க வேண்டும்: என்ன செய்வது, எதை வைத்து, எங்கே, எந்தக் கால அளவுக்குள். நான் எழுதியது இது: ‘அடுத்த இரண்டு வாரங்களில், மாலையில் தெருமுனைக் காய்கறிக் கடைக்குப் போகும்போதெல்லாம் வீட்டிலிருந்து துணிப்பை எடுத்துக்கொண்டு போவது.’ படிக்கச் சலிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் செய்தேனா இல்லையா என்பதில் இனி வாதத்துக்கு இடமில்லை.

இந்தக் கூர்மை ஏன் வேண்டும் என்பதற்கு ஆண்ட்ரூ டேவிட்சனும் ஜேம்ஸ் ஜக்கார்டும் 1979-இல் வெளியிட்ட ஆய்வைப் போல எடுப்பான சான்று எனக்குத் தெரிந்து வேறில்லை. பெண்கள் இரண்டு ஆண்டுகளில் கருத்தடை மாத்திரை சாப்பிட்டார்களா என்பதை அவர்கள் முன்பு சொன்ன மனப்பான்மையோடு ஒப்பிட்டார்கள். இரண்டும் முழுக்க ஒத்துப்போனால் 1, தொடர்பே இல்லையென்றால் 0. ‘குடும்பக் கட்டுப்பாடு பற்றி என்ன நினைக்கிறீர்கள்’ என்று பொதுவாகக் கேட்டபோது கிடைத்தது 0.08. ‘கருத்தடை மாத்திரை பற்றி’ என்றபோது 0.32. ‘மாத்திரையைப் பயன்படுத்துவது பற்றி’ என்றபோது 0.53. ‘அடுத்த இரண்டு ஆண்டுகளில் நீங்கள் பயன்படுத்துவது பற்றி’ என்று கேட்டதும் 0.57. பெண்களும் அவர்களே, செயலும் அதே செயல். கேள்வி மட்டும் கூர்மையாகிக்கொண்டே போனது.

இதைவிடப் பழைய கதை ஒன்று உண்டு. ரிச்சர்ட் லாப்பியர் என்ற சமூகவியலாளர் 1930-களின் தொடக்கத்தில் ஓர் இளம் சீனத் தம்பதியோடு அமெரிக்கா முழுவதும் காரில் சுற்றினார். சீனர் மீது வெறுப்பு மண்டியிருந்த காலம். 250-க்கும் மேற்பட்ட விடுதிகளிலும் உணவகங்களிலும் ஏறி இறங்கினார்கள். இடமில்லை என்று சொன்னது ஒரே ஓர் இடம். ஆறு மாதம் கழித்து அந்த இடங்களுக்கெல்லாம் கடிதம் போட்டு ‘சீன இனத்தவரை விருந்தினராக ஏற்பீர்களா’ என்று கேட்டார். பதில் எழுதிய 128 பேரில் 90 சதவீதத்துக்கும் மேல் ‘மாட்டோம்’ என்றார்கள். 1934-இல் வெளியான இந்த ஆய்வை ‘சொல்லுக்கும் செயலுக்கும் சம்பந்தமில்லை’ என்பதற்குச் சான்றாக இன்றும் காட்டுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கடிதம் கேட்டது முகம் தெரியாத ஓர் இனத்தைப் பற்றி. வாசலில் நின்றதோ நன்றாக உடுத்திய, சிரித்த முகமுள்ள இரண்டு பேர், கூடவே ஒரு வெள்ளைக்காரப் பேராசிரியர். கேட்டது ஒன்று, பார்த்தது வேறொன்று. கடிதத்துக்குப் பதில் எழுதியவரும் வரவேற்பு மேசையில் நின்றவரும் ஒரே ஆளாக இருந்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை.

படி 2: கேள்வித்தாளை மூடிவைத்துவிட்டு முதலில் பேசுங்கள்

ஊற்றுகள் மூன்று என்று ஆனபிறகு ஒவ்வோர் ஊற்றிலும் என்ன ஊறுகிறது என்பதை நீங்களாக ஊகிக்காதீர்கள். பத்து இருபது பேரிடம் திறந்த கேள்விகள் கேளுங்கள். இந்தச் செயலால் என்ன நன்மை, என்ன தொல்லை? நீங்கள் செய்தால் யார் மகிழ்வார்கள், யார் முகம் சுளிப்பார்கள்? எது உதவுகிறது, எது தடுக்கிறது? இவ்வளவே. பதிலை அவர்கள் சொன்ன சொற்களிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

நான் எதிர்பார்த்தது குப்பை, கழிவுநீர்க் கால்வாய் அடைப்பு, மாடு பிளாஸ்டிக்கைத் தின்பது போன்ற பதில்கள். அவையும் வந்தன. ஆனால் எதிர்வீட்டு அம்மா சொன்னது என் குறிப்புகளையே மாற்றியது. “தெரியாமல் இல்லை தம்பி. மீன் வாங்கினால் அந்தப் பை அப்புறம் எதற்கு ஆகும்? மூன்று தண்ணீரில் அலசினாலும் கவுச்சி போகாது.” காய்கறிக்கும் மீனுக்கும் ஒரே பை என்று நான் நினைத்திருந்தேன். அவருக்கு அவை இரண்டு வெவ்வேறு செயல்கள். படி 1-இல் ‘காய்கறிக் கடை’ என்று இருப்பது இந்தப் பேச்சுக்குப் பிறகு சேர்த்தது.

இன்னோர் இளைஞர், அலுவலகத்திலிருந்து திரும்பும் வழியில்தான் காய் வாங்குகிறார். “மஞ்சப்பையோடு அலுவலகத்துக்குப் போனால் ஊரிலிருந்து வந்தவன் மாதிரி இருக்கும்” என்றார். இது ‘நாலு பேர்’ ஊற்று. வேறொருவர், தனக்குப் பை தேவைப்படும் நேரத்தில் பை கையில் இருப்பதே இல்லை என்றார். இது ‘கையில் இருக்கிறதா’ ஊற்று. கோயம்பேடு சந்தையில் 2022-இல் வைத்த, பத்து ரூபாய் போட்டால் மஞ்சப்பை தரும் இயந்திரம் இந்த மூன்றாவது ஆளுக்குத்தான் மருந்து. இரண்டாவது ஆளுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. எதிர்வீட்டு அம்மாவுக்குத் தேவை ஒரு மூடிபோட்ட எவர்சில்வர் டப்பா. எல்லோருக்கும் ஒரே சுவரொட்டி ஒட்டிவிட்டு ‘விழிப்புணர்வு போதவில்லை’ என்று அறிக்கை எழுதுகிறவர்கள் இந்தப் படியைத் தாண்டிக் குதித்தவர்கள்.

படி 3: எண்ணத்தை அளவுகோலில் வையுங்கள்

பேச்சில் அடிக்கடி வந்த பதில்களை வைத்து இப்போது கேள்வித்தாள் தயாரியுங்கள். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை அளவுகோல். ‘துணிப்பை கொண்டுபோனால் வீட்டில் பிளாஸ்டிக் சேர்வது குறையும்’ என்பதை எவ்வளவு நம்புகிறீர்கள்? அப்படிக் குறைவது உங்களுக்கு எவ்வளவு முக்கியம்? நம்பிக்கையையும் மதிப்பையும் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டினால் மனப்பான்மைக்கு ஓர் எண் கிடைக்கும். பெருக்குவதில் காரணம் இருக்கிறது. நூற்றுக்கு நூறு நம்பினாலும் அது தனக்கு ஒரு பொருட்டே இல்லை என்றால் அந்த நம்பிக்கை யாரையும் நகர்த்தாது. மற்ற இரண்டு ஊற்றுகளுக்கும் இதே முறைதான்.

எண்ணத்தைக் கேட்கும்போது தமிழில் ஒரு கண்ணி இருக்கிறது. ஆங்கிலக் கேள்வித்தாள்களை அப்படியே பெயர்த்து வைப்பவர்கள் இதில் மாட்டிக்கொள்கிறார்கள். ‘கொண்டுபோவேன்’, ‘கொண்டுபோகலாம் என்று இருக்கிறேன்’, ‘கொண்டுபோக வேண்டும்’, ‘பார்க்கலாம்’ ஆகிய நான்கும் நம் காதில் ஒரே எடை உடையவை அல்ல. ‘என்று இருக்கிறேன்’ என்பது பாதி எண்ணம். ‘வேண்டும்’ என்பது ஆசையா கடமையா என்பதைச் சொல்கிறவரின் குரல்தான் காட்டும். ‘பார்க்கலாம்’ என்றால் பெரும்பாலும் மாட்டேன் என்றே பொருள். பெண் பார்த்துவிட்டு வந்தவர்கள் சொன்னால் நிச்சயமாக அப்படித்தான். ஆகவே கேள்வித்தாள் முழுவதும் ஒரே வடிவத்தை வையுங்கள். ‘அடுத்த இரண்டு வாரங்களில் நான் துணிப்பை கொண்டுபோவேன்’ என்று எழுதி, எவ்வளவு உறுதி என்று 1 முதல் 7 வரை குறிக்கச் சொல்லுங்கள்.

படி 4: காத்திருந்து செயலை எண்ணுங்கள்

எண்ணத்தையும் செயலையும் ஒரே நாளில் ஒரே தாளில் கேட்பது இந்தத் துறையின் நெடுநாள் நோய். ‘கொண்டுபோவீர்களா’ என்பதற்கு ஆறு போட்டவர், அடுத்த வரியில் ‘கொண்டுபோகிறீர்களா’ என்பதற்கு இரண்டு போடத் தயங்குவார். கேட்கிறவர் முன்னால் நல்லவராகத் தெரிய வேண்டாமா? இரண்டு வாரம் விடுங்கள். பிறகு முடிந்தால் கண்ணால் பாருங்கள். கடைக்காரரிடம் சொல்லிவிட்டு மாலையில் ஒரு மணி நேரம் ஓரமாக உட்கார்ந்து எண்ணலாம். யாரைப் பற்றிய குறிப்பு எடுக்கிறீர்களோ அவருடைய சம்மதம் முன்பே வாங்கியிருக்க வேண்டும். சொந்தப் பழக்கம் என்றால் நாட்காட்டித் தாளில் ஒரு கோடு போதும். என் முதல் இரண்டு வாரக் கணக்கு: கடைக்குப் போனது ஒன்பது முறை, பையோடு போனது மூன்று முறை. அளவுகோலில் நான் போட்டிருந்தது ஏழு.

வெட்கப்பட வேண்டியதில்லை. பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த பாஸ்கல் ஷீரன் 2002-இல் சொன்ன கணக்குப்படி, நடத்தையில் ஆளுக்கு ஆள் காணும் வேறுபாட்டில் 28 சதவீதத்தைத்தான் எண்ணம் விளக்குகிறது. முந்தைய ஆண்டு ஆர்மிடேஜும் கானரும் 185 ஆய்வுகளைத் தொகுத்தபோது முழுக் கோட்பாடும் சேர்ந்து எண்ணத்தில் 39 சதவீதத்தையும் நடத்தையில் 27 சதவீதத்தையும் விளக்கியது. சமூக அறிவியலில் இது நல்ல மதிப்பெண்தான். ஆனால் முக்கால் பங்கு இன்னும் வெளியே நிற்கிறது.

படி 5: நான்கு கட்டம் போட்டு ஆட்களைப் பிரியுங்கள்

சராசரி எண்ணை மட்டும் பார்த்தால் எதுவும் பிடிபடாது. ஒரு தாளில் நான்கு கட்டம் வரையுங்கள்: நினைத்துச் செய்தவர், நினைத்தும் செய்யாதவர், நினைக்காமல் செய்தவர், நினைக்கவுமில்லை செய்யவுமில்லை. ஷீரனின் தொகுப்பில் நினைத்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் செய்யவில்லை. நினைக்காமல் செய்துவிட்டவர்களோ மிகவும் சொற்பம். ஆக, எண்ணத்துக்கும் செயலுக்கும் நடுவிலுள்ள பள்ளம் முழுவதும் கிட்டத்தட்ட ஒரே கட்டத்தில், ‘நினைத்தும் செய்யாதவர்’ கட்டத்தில் கிடக்கிறது. நானும் அங்கேதான் இருந்தேன்.

எந்தக் கட்டம் நிறைந்திருக்கிறதோ அதற்கேற்ற வைத்தியம். ‘நினைக்கவுமில்லை’ கட்டம் பெருத்திருந்தால் படி 2-இல் கிடைத்த நம்பிக்கைகளோடு பேசுங்கள். ‘நினைத்தும் செய்யாதவர்’ கட்டம் பெருத்திருந்தால் மேலும் பிரசங்கம் செய்வதில் பயனில்லை. அவர்கள் ஏற்கெனவே உங்கள் பக்கம்தான். தாமஸ் வெப்பும் ஷீரனும் 2006-இல் 47 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். எண்ணத்தை நடுத்தரத்துக்கும் சற்று மேலான அளவில் மாற்றினாலும் நடத்தை அதில் ஏறத்தாழப் பாதி அளவே மாறியது.

படி 6: எண்ணத்துக்கு ஓர் இடமும் நேரமும் கொடுங்கள்

இந்தக் கோட்பாடுகளிலிருந்து ஒன்றே ஒன்றைத்தான் எடுத்துக்கொள்ள முடியும் என்றால் இந்தப் படியை எடுத்துக்கொள்ளுங்கள்.

1965-இல் வெளியான ஹோவர்ட் லெவெந்தால் குழுவின் ஆய்வு, யேல் பல்கலைக்கழக மாணவர்களை டெட்டனஸ் ஊசி போட வைப்பதைப் பற்றியது. நோயைப் பற்றிய கையேட்டைப் படிக்கக் கொடுத்தார்கள். சிலருக்கு நடுங்க வைக்கும் விவரங்கள், சிலருக்கு மிதமானவை. கடுமையாகப் பயந்தவர்கள் ‘கட்டாயம் போட்டுக்கொள்கிறேன்’ என்று உறுதியாகச் சொன்னார்கள். ஆனால் கையேட்டை மட்டும் படித்தவர்களில் ஊசி போட வந்தவர்கள் 3 சதவீதம் அளவில்தான். வேறு சிலருக்குக் கையேட்டோடு ஒரு வளாக வரைபடமும் கொடுத்தார்கள். மருத்துவ மையத்தைச் சுற்றி வட்டம் போட்டிருந்தது. உங்கள் வார அட்டவணையைப் பாருங்கள், எந்த நாளில் அந்தப் பக்கம் போகிறீர்கள் என்று யோசியுங்கள் என்றும் சொன்னார்கள். வந்தவர்கள் 28 சதவீதம் அளவுக்கு உயர்ந்தார்கள். அவர்கள் இறுதியாண்டு மாணவர்கள். அந்தக் கட்டடம் எங்கே இருக்கிறது என்பது தெரியாதவர்கள் அல்லர்.

பீட்டர் கோல்விட்சர் 1990-களில் இதை ஒரு வாக்கிய அமைப்பாகச் செதுக்கினார். ‘நான் இதைச் செய்வேன்’ என்பது இலக்கு. ‘இந்தச் சூழ்நிலை வந்தால் இதைச் செய்வேன்’ என்பது செயலாக்க எண்ணம். 2002-இல் மில்ன், ஆர்பெல், ஷீரன் மூவரும் மாணவர்களை ஒரு வாரத்தில் ஒரு முறையாவது இருபது நிமிடம் உடற்பயிற்சி செய்ய வைக்கப் பார்த்தார்கள். எதுவும் சொல்லப்படாத குழுவில் 38 சதவீதம் பேர் செய்தார்கள். இதயநோய் பற்றி ஊக்கமூட்டும் விவரங்களைப் படித்த குழுவில் 35 சதவீதம். அதே விவரங்களோடு, எந்த நாள், எந்த நேரம், எந்த இடம் என்று எழுதிய குழுவில் 91 சதவீதம். நடுக்குழுவைக் கவனியுங்கள். அவர்களுடைய எண்ணம் உயர்ந்துதான் இருந்தது, உடம்புதான் நகரவில்லை.

இது எப்படி வேலை செய்கிறது? கர்ட் லெவின் 1926-இலேயே ஒரு கடிதத்தை வைத்து விளக்கினார். கடிதத்தை அஞ்சல் பெட்டியில் போட வேண்டும் என்று நினைத்துக்கொண்டால், தெருவில் கண்ணில் படும் முதல் பெட்டி தானாக அந்த நினைவை எழுப்பும். போட்டு முடித்தபின் வரும் பெட்டிகள் எதையும் எழுப்பா. கோல்விட்சரின் முறை, உங்கள் எண்ணத்துக்கு அப்படியொரு பெட்டியை முன்கூட்டியே குறித்து வைப்பதுதான். நினைவூட்டும் வேலையை மனத்திடமிருந்து பிடுங்கி வெளியே இருக்கும் ஒரு பொருளிடம் ஒப்படைத்துவிடுகிறீர்கள்.

வாக்கியம் எழுதும்போது கவனிக்க வேண்டியது, நீங்கள் குறிக்கும் சூழ்நிலை கண்ணில் படுவதாக இருக்க வேண்டும், செயலுக்குச் சற்று முன்னால் வருவதாகவும் இருக்க வேண்டும். ‘கடைக்குப் போனால் பை எடுப்பேன்’ என்று நான் முதலில் எழுதியது தோற்றது. கடை வரும்போது பை வீட்டில் இருந்தது. ‘ஸ்கூட்டர் சாவியை ஆணியிலிருந்து எடுத்தால், அதே ஆணியில் மாட்டியிருக்கும் பையை எடுத்து வண்டிப் பெட்டிக்குள் போடுவேன்’ என்பது இரண்டாவது வாக்கியம். சாவியில்லாமல் வண்டி நகராது, ஆகவே அந்த இடத்தை என்னால் தாண்டிப் போக முடியாது. கதவுக்குப் பின்னால் தொங்கிய பதினொன்றில் இரண்டை ஆணிக்கு மாற்றினேன். இரண்டு ஏன் என்றால், ஒன்று துவைக்கப் போகும்.

ஒரு எச்சரிக்கை: எண்ணமே இல்லாதவரிடம் இந்த வாக்கியத்தை எழுதி வாங்கினால் அது வெறும் கையெழுத்துப் பயிற்சி. லெவெந்தாலின் ஆய்விலும், எச்சரிக்கைக் கையேட்டைப் படிக்காமல் வழிமுறையை மட்டும் பெற்றவர்களிடம் அது பலிக்கவில்லை. படி 5-இன் கட்டங்களைப் பார்த்துவிட்டே இங்கே வர வேண்டும்.

படி 7: பழக்கம் ஏறுகிறதா என்று பாருங்கள்

ஒரே சூழலில் நாள்தோறும் செய்யும் செயல்களில் எண்ணத்தின் பிடி மெல்லத் தளர்கிறது. அங்கே பழக்கமே முன்னறிவிக்கும். எப்போதாவது செய்பவற்றிலும் மாறும் சூழல்களிலும் எண்ணம் வண்டியை ஓட்டும். ஔலட்டும் உட்டும் 1998-இல் காட்டியது இது. நல்ல பழக்கம் ஏற எத்தனை நாள்? மேடைப் பேச்சாளர்கள் ‘21 நாள்’ என்பார்கள். லண்டனில் ஃபிலிப்பா லாலி குழு 96 பேரைத் தொடர்ந்து கவனித்து 2010-இல் வெளியிட்ட ஆய்வில் நடுமதிப்பு 66 நாள் வந்தது. ஆளுக்கும் செயலுக்கும் ஏற்ப அது 18 நாளிலிருந்து 254 நாள் வரை விரிந்தது. இடையில் ஒரு நாள் தவறியது பெரிய கெடுதல் செய்யவில்லை. நாட்காட்டியில் ஒரு கோடு விட்டுப்போனதற்காக முழு முயற்சியையும் மூட்டை கட்டிவிடாதீர்கள்.

வேறு மாதிரிகள் எப்போது?

புகையிலை போன்ற விடாப்பிடிப் பழக்கத்தில், ‘யோசிக்கவே இல்லை’ என்பதிலிருந்து ‘விட்டு நிலைத்துவிட்டேன்’ என்பது வரை ஆட்கள் படிப்படியாக நிற்கிறார்கள் என்று பார்க்க வேண்டுமானால் ப்ரோச்சாஸ்காவும் டிக்லெமென்டியும் 1983-இல் எழுதிய நிலைகள் மாதிரி. நோயாளிகளின் மறுவாழ்வு போன்றவற்றில் எண்ணத்துக்குப் பிந்திய திட்டமிடலையும் சறுக்கி எழுவதையும் சேர்த்துப் பார்க்க ரால்ஃப் ஷ்வார்ட்சருடைய மாதிரி. அரசுத் திட்டம் வகுக்கிற அளவுக்குப் போனால் சூசன் மிச்சி குழு 2011-இல் தந்த, திறன், வாய்ப்பு, உந்துதல் என்ற மூன்றைக் கேட்கும் சட்டகம். திட்டமிட்ட நடத்தைக் கோட்பாட்டுக்கே ஓய்வு கொடுத்துவிடலாம் என்று 2014-இல் ஸ்னியோட்டா முதலிய மூவர் எழுதினார்கள். அது இன்னும் நலமாகவே இருக்கிறது என்று மறு ஆண்டே அய்சென் பதில் எழுதினார். என் கருத்தைக் கேட்டால், தொடங்குகிறவருக்கு இதைவிடத் தெளிவான கேள்விப் பட்டியலை வேறு எதுவும் தருவதில்லை. முக்கால் பங்கை அது விளக்காமல் விடுகிறது என்பதை மறக்காத வரைக்கும் பயன்படுத்தலாம்.

இரண்டாவது இரண்டு வாரத்தில் என் கணக்கு பத்துக்கு எட்டு. தவறிய இரண்டும் நடந்து போன நாள்கள், சாவி எடுக்கவில்லை. அதற்குச் செருப்பு அலமாரியில் ஒரு கொக்கி அடிக்கலாம் என்று இருக்கிறேன். (படி 3-ஐ நினைவில் வைத்திருப்பவர்கள் இந்த வினைமுற்றின் எடையைக் கவனித்திருப்பீர்கள்.)

மறுபடியும் முதல் படிக்கு வந்திருக்கிறேன், இம்முறை வேறு செயலோடு. நான் பையை நீட்டுவதற்குள் கடைக்காரர் கவரை உதறித் திறந்துவிடுகிறார். கேட்காமலே கொடுப்பதுதான் அவருடைய செயல், இடம் தராசுக்கு வலப்பக்கம், நேரம் நான் காசை எடுக்கும் அந்த இரண்டு நொடி. அவரிடம் கேட்க வேண்டிய திறந்த கேள்விகள் நோட்டில் இருக்கின்றன: கவர் தராவிட்டால் என்ன ஆகும் என்று நினைக்கிறீர்கள் அண்ணாச்சி? தராவிட்டால் யார் கோபித்துக்கொள்வார்கள்? கை அந்தக் கவர்க் கட்டின் பக்கம் போவதற்கு முன் உங்கள் கண்ணில் படுவது என்ன? கூட்டம் குறைவாக இருக்கும் செவ்வாய்க்கிழமை மாலையில் போய்க் கேட்பேன்.